அந்தக் ‘கேஸு’க்கு ஒரு பேர் இருக்கு பாஸ்!

ஒரு சின்ன டெஸ்ட். ராத்திரி 11 மணி, ஏதோ ஒரு ஆஸ்பத்திரி கேஷுவாலிட்டி. வயிற்றைப் பிடித்துக்கொண்டு ரெண்டு பேர் வருகிறார்கள். ஒருத்தர் வெறுங்கையோடு. இன்னொருத்தர் கையில் மனநல மாத்திரைச் சீட்டு. யாரை முதலில் படுக்கவைத்து வயிற்றை அமுக்கிப் பார்ப்பார்கள்?

நீங்கள் யோசித்து முடிப்பதற்குள், பல இடங்களில் நடப்பது இதுதான். சீட்டைப் பார்த்ததும், ‘ஓ... அந்தக் கேஸா?’ என்று ஒரு பார்வை. கூட வந்த அண்ணனிடம், "மாத்திரையை ஒழுங்கா போடுறானா?" என்று ஒரு கேள்வி. வலி ஒருத்தருக்கு, விசாரணை இன்னொருத்தரிடம்!

இதில் என்ன ஆபத்து? க்ளோசபின் என்று ஒரு மாத்திரை. மற்ற மருந்துகளுக்குக் கட்டுப்படாத மனச்சிதைவுக்குக் கொடுப்பது. அது குடலின் அசைவை மந்தமாக்கும். கவனிக்காமல் விட்டால் மலச்சிக்கல் குடலடைப்பு வரை போய், உயிருக்கே உலை வைக்கும். ஆக, அந்த ரெண்டாவது ஆளின் வயிற்றைத்தான் கூடுதல் அக்கறையோடு பார்க்கணும்.

கடுமையான மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 ஆண்டுகள் முன்னாடியே இறந்துபோகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதுவும் பெரும்பாலும் இதயம், சுகர் மாதிரி, கவனித்தால் சமாளிக்கக்கூடிய உடல் நோய்களால்!

அப்போ டாக்டரும் நர்சும் கல்நெஞ்சக்காரர்களா? கிடையாது. கூட்டம், நைட் டியூட்டி எல்லாம் இருக்கு. அதைவிட முக்கியமான காரணம் ஒன்று. அவர்கள் இந்த நோயாளிகளைப் பார்ப்பதே நோய் உச்சத்தில் இருக்கும்போதுதான். தேறி, மீன் ஏலம் விடப் போனவரோ, பேங்க் வேலைக்குத் திரும்பியவரோ, வார்டுக்கு வந்து ‘நல்லா இருக்கேன் சிஸ்டர்’ என்று சொல்வதில்லை. ஸோ, ‘இவங்க தேறவே மாட்டாங்க’ என்று மனசில் பதிந்துவிடுகிறது. தேறியவரோடு உட்கார்ந்து பேசினாலே இந்த எண்ணம் மாறத் தொடங்கும்.

நம்ம காரைக்காலுக்கு இதை யாரும் கிளாஸ் எடுக்க வேண்டாம். மாங்கனித் திருவிழாவில் மாம்பழம் பிடிக்க முண்டியடிக்கிறோமே, அந்த அம்மையார் கதை என்ன? பேய் உருவம் என்று வழியில் கண்டவர்கள் எல்லாம் பயந்து ஓடினார்கள். கயிலையில் சிவன் மட்டும் ‘அம்மையே’ என்றார். உருவம் அதேதான். கூப்பிட்ட விதம்தான் வேற.

சாமி கதை வேண்டாம், சட்டம் சொல்லு என்கிறீர்களா? 2001 ஆகஸ்ட் 6. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் தீ. சங்கிலியில் கட்டிப்போட்டிருந்ததால் தப்பிக்க முடியாமல் 28 பேர் செத்தார்கள். இன்று சங்கிலி போடுவதே சட்டவிரோதம். 2018 மே 29-ல் அமலுக்கு வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டம் இன்னொன்றும் சொல்கிறது: உடல் நோயாளிக்குக் கிடைக்கும் அதே தரத்தில்தான் மனநோயாளிக்கும் அவசர சிகிச்சை, ஆம்புலன்ஸ் எல்லாம். சேவையில் குறை இருந்தால் புகார் கொடுக்கவும் உரிமை உண்டு.

நர்சிங், எம்.பி.பி.எஸ். படிக்கிற நண்பர்களே... வார்டில் ‘கேஸ்’ என்பதற்குப் பதில் பேர் சொல்லிக் கூப்பிடுங்க. கேள்வியை அவரிடமே கேளுங்க. பிரஷர், சுகர் பார்க்காமல் அனுப்பாதீங்க.

மற்ற டிபார்ட்மென்ட் மக்களே, உங்களுக்கும் வேலை இருக்கு. ரூம்மேட்டுக்குத் துணையாகப் போனால், "அவன்கிட்டயே கேளுங்க சார், முதல்ல வயித்தைப் பாருங்க" என்று பணிவாக, ஆனால் அழுத்தமாகச் சொல்லுங்க. மனசு சரியில்லை, யாரிடம் பேசுவது என்று தெரியவில்லையா? ‘டெலி மானஸ்’ இலவச எண் 14416. தமிழிலேயே பேசலாம். இப்பவே போனில் சேவ் பண்ணிக்கோங்க. யாருக்கு எப்போ தேவைப்படும்னு சொல்ல முடியாது.