அறுவை மட்டும் போதுமா?

மும்பையில் தெருநாய்ப் பிரச்சினை புதியதன்று. 1832-ஆம் ஆண்டில், அன்றைய பம்பாயில் திரியும் நாய்களைக் கொல்லும்படி கட்டளை பிறந்தபோது, நாயைப் புனிதமாகக் கருதும் பார்சிகள் கடைகளை அடைத்துக் கலகம் செய்தனர். எனினும் கொல்லும் முறையை மாநகராட்சி 1994 வரை கைவிடவில்லை. நாய்களும் குறையவில்லை, வெறிநோயும் ஒழியவில்லை. குப்பையும் எச்சிற்சோறும் உள்ளவரை, கொல்லப்பட்ட நாயின் இடத்திற்கு அயலிலிருந்து வேறொன்று வந்து சேரும்.

நாயைப் பிடித்து, கருத்தடை அறுவை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடும் முறையை 2001-ஆம் ஆண்டின் விதிகள் நாடெங்கும் வகுத்தன. சென்னையில் புளூ கிராஸ் சங்கம் இதை 1964-லேயே எடுத்துரைத்தது. மாநகராட்சி ஏற்பதற்கு 1996 ஆயிற்று!

ஆயினும் ஒரு மயக்கம் நீடிக்கிறது. அறுவை நாய்த்தொகையைக் குறைக்கும். வெறிநோயைத் தடுப்பது ஊசியே. அறுவை வாழ்நாளில் ஒரு முறை போதும். ஊசியின் காப்போ காலந்தோறும் புதுப்பிக்கப்பட வேண்டும். காதில் வெட்டுக்குறியுள்ள நாய் அறுவையானது என்று அறியலாமேயன்றி, இவ்வாண்டு ஊசி பெற்றது என்று கொள்ளலாகாது. நூற்றுக்கு 70 நாய்களுக்கேனும் ஊசி போடப்பட்டால் நோயின் தொடர் அறுபடும் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணிப்பு. 2014-ஆம் ஆண்டுக் கணக்கில் மும்பையில் சுமார் 95,000 தெருநாய்கள் இருந்தன; அத்தொகைக்கே ஆண்டுக்கு 66,000-க்கு மேற்பட்ட ஊசிகள் வேண்டும். அறுவைக் கூடத்தை மட்டும் நம்பி இவ்வெண்ணிக்கையை எட்ட இயலாது. ஆண்டுதோறும் பெருமளவில் நாய்களுக்கு ஊசி போட்ட கோவா, 2021-இல் வெறிநோய் கட்டுப்பட்ட மாநிலமாக அறிவிக்கப்பட்டது.

தாராவியின் சந்துகளில் நாய் வண்டி நுழையாது. ஆனால் ஒவ்வொரு நாய்க்கும் சோறிடும் வீடு ஒன்று உண்டு. அவ்வீட்டாரை முதலில் கண்டு பேசும் களப்பணியாளருக்கு வலை பெரும்பாலும் தேவைப்படாது.

ஊசி எல்லா நாய்களையும் எட்டும் வரையில், மாட்டுங்கா, செம்பூர்ப் பள்ளிகளின் ஆசிரியர்களுக்கும் இதில் பங்குண்டு. வசவுக்கு அஞ்சிச் சிறுவர் நாய்க்கடியை மறைப்பது வழக்கம். கடிந்துகொள்ளாமல் கேட்டறிதல் வேண்டும். காயத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, மஞ்சளோ மிளகாயோ அப்பாமல், அன்றே மருத்துவமனைக்கு அனுப்புக. கடித்தது பழகிய நாய்தான் என்று தள்ளிப்போட இடங்கொடுக்கலாகாது. நோய்க்குறி தோன்றியபின் உயிர் பிழைத்தோர் மிகச் சிலரே.