பட்டனை அமுக்கினால் கம்மென்று இருக்கிறதா?

ரிச்சி தெருவில் பேரம் பேசி, பாகம் பாகமாக வாங்கி, ராத்திரி பூரா உட்கார்ந்து பூட்டிய கம்ப்யூட்டர் உயிர் பெறவில்லையா? உடனே கடைக்காரரின் பரம்பரையை இழுக்காதீர்கள்.

பவர் சப்ளையின் முதுகில் ஒரு குட்டி சுவிட்ச் உண்டு. போட்டீர்களா? சிரிக்காதீர்கள், மறப்பவர்கள் நிறைய.

முன்பக்கப் பட்டன், ஃபேன் சுவிட்ச் மாதிரி அல்ல. 1995-ல் இன்டெல் ஏ.டி.எக்ஸ். முறையைக் கொண்டுவரும் முன் அது மெயின் கரண்டையே வெட்டியது. இப்போது மதர்போர்டிடம் 'ஐயா, எழுந்திருக்கிறீர்களா?' என்று மனுப் போடும் குமாஸ்தா, அவ்வளவுதான். மனு போகிற வழி இரண்டு மெல்லிய ஒயர். தப்பான ஊசியில் செருகியிருந்தால் எத்தனை அமுக்கினாலும் ஃபைல் நகராது. ஒயரைக் கழற்றிவிட்டு, புத்தகத்தில் காட்டியிருக்கும் அந்த இரண்டு ஊசிகளையும் ஸ்க்ரூ டிரைவர் நுனியால் ஒரு வினாடி சேர்த்துத் தொடுங்கள். 5 வோல்ட்டுக்கு மேல் கிடையாது, ஷாக் அடிக்காது. ஓடினால் குற்றவாளி குமாஸ்தாதான்.

ஓடாவிட்டால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு 24 பின் கனெக்டரை 'க்ளிக்' கேட்கும்வரை அழுத்துங்கள். பெட்டியில் பித்தளைக் குமிழ் ஒன்று வேண்டாத இடத்தில் நின்று போர்டின் அடிவயிற்றைக் குத்தினாலும் ஷார்ட்தான். போர்டை வெளியே எடுத்து, அது வந்த அட்டைப்பெட்டி மேல் வைத்து, ப்ராசஸர், அதன் ஃபேன், ஒரே ஒரு ராமோடு முயலுங்கள்.

அப்பவும் அசையலையா? வேறு பவர் சப்ளை கடன் வாங்கிப் பாருங்கள். பழையதைத் திறந்து நோண்ட வேண்டாம், சொல்லிவிட்டேன். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் பதுங்கியிருக்கலாம். பில் பத்திரமாக இருக்கிறதல்லவா?