ஒலிப்பதிவும் செவிலியர் வகுப்பும்

செவிலியர் கல்லூரி வகுப்புகளில் விரிவுரையைக் கைபேசியில் ஒலிப்பதிவு செய்துகொள்ள மாணவரை அனுமதிக்கலாமா என்பது குறித்து ஆசிரிய நண்பர்கள் இருவர் சென்ற வாரம் கடுமையாக வாதிட்டனர். ஒருவர் அதைச் சோம்பலின் கருவி என்றார். மற்றவர் மாணவரின் உரிமை என்றார். நான் செவிலியர் கல்வித் துறையைச் சார்ந்தோன் அல்லேன். வாய்மொழிப் பாடல்கள் ஒரு தலைமுறையிலிருந்து மறு தலைமுறைக்குக் கைமாறும் விதமே என் ஆய்வுப்பொருள். கொச்சி மட்டாஞ்சேரியின் ஜூ டவுன் என் களம். ஆயினும் கேட்டல் எப்போது கற்றலாகிறது என்ற கேள்வி இரண்டுக்கும் பொது என்பதால் எழுதத் துணிகிறேன். சற்று நீளமான பதிவு, பொறுத்தருள்க.

பி.எஸ்சி. நர்சிங் படிப்பின் பயிற்றுமொழி ஆங்கிலம். தேனியிலோ தென்காசியிலோ பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் பயின்ற ஒரு பெண் முதலாண்டு வகுப்பில் அமரும்போது பாடத்தோடு சேர்த்து அதைச் சொல்லும் வேகத்தையும் எதிர்கொள்கிறாள். கல்லூரி எர்ணாகுளத்தில் இருந்துவிட்டால் ஆங்கிலம் மலையாள ஒலிப்பில் வரும். நடுநடுவே விளக்கம் மலையாளத்திலேயே வரும். 'ஹைப்பர்கலீமியா', 'ஹைப்போகலீமியா' என்னும் இரு சொற்களை எடுத்துக்கொள்வோம். முன்னது இரத்தத்தில் பொட்டாசியம் மிகுதல், பின்னது குறைதல். நடுவில் ஓர் ஒலி மாறினால் மருத்துவமே தலைகீழாகிவிடும். குறைந்தவருக்குப் பொட்டாசியம் கொடுக்க வேண்டும். ஏற்கெனவே மிகுந்தவருக்குக் கொடுத்தால் இதயம் நின்றுபோகக்கூடும். பக்கத்தில் இருப்பவளின் குறிப்பேட்டைப் பார்த்து எழுதிக்கொள்ளலாம்தான். அவளும் தவறாகக் கேட்டிருந்தால்?

நிறைந்த வகுப்பில் கையை உயர்த்தி, "மீண்டும் ஒருமுறை சொல்லுங்கள்" எனக் கேட்கும் துணிவு முதலாண்டு மாணவிக்கு எளிதில் வருவதில்லை. ஒலிப்பதிவிலோ அவள் ஆசிரியரை நிறுத்தலாம். பத்து நொடி பின்னுக்கு இழுக்கலாம். அகராதியைப் பார்த்துவிட்டு மீண்டும் பேசவைக்கலாம். பதிவுக்குத் தடை விதிக்கும் கல்லூரி யாரிடமிருந்து எதைப் பறிக்கிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஆங்கிலவழியில் பயின்று வந்தவளுக்கு அத்தடையால் பெரிய இழப்பில்லை.

என் களத்திலிருந்து ஒரு சான்று. கொச்சி யூதப் பெண்கள் திருமணங்களிலும் பண்டிகைகளிலும் பாடிய மலையாளப் பாடல்களைக் கையெழுத்துக் குறிப்பேடுகளில் எழுதி வைத்திருந்தனர். ஏட்டில் சொற்கள் இருந்தன, மெட்டு இல்லை. மெட்டு பாடுவோரின் நாவில் இருந்தது. 1950களில் அச்சமூகத்தில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குப் புலம்பெயர்ந்தபின் சேர்ந்து பாடும் தருணங்கள் அருகின. 1970களிலும் 80களிலும் பார்பரா ஜான்சன் முதலிய ஆய்வாளர்கள் முதிய பெண்களைப் பாடவைத்து ஒலிநாடாவில் பதிந்தமையால் பல மெட்டுகள் தப்பின. 2004இல் எருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தின் யூத இசை ஆய்வு மையம் அப்பாடல்களைக் குறுந்தட்டாக வெளியிட்டது. ஏடு தவறவிட்டதை நாடா பிடித்தது. மாணவியின் குறிப்பேடும் அத்தகையதே. ஆசிரியர் எந்த அசையில் அழுத்தம் கொடுத்தார், எங்கே நிறுத்தி, "இதை மறந்துவிடாதீர்கள்" என்றார் என்பன ஏட்டில் ஏறுவதில்லை.

ஆனால் நாடாவில் இருந்தமையால் மட்டும் அப்பாடல்கள் உயிர்பெற்றுவிடவில்லை. கொச்சியிலிருந்து சென்ற பெண்கள் இஸ்ரேலில் ஒன்றுகூடி, வாய்விட்டுப் பாடிப் பழகிய பின்னரே அவை மேடையில் ஒலித்தன. இங்கேதான் பதிவை ஆதரிக்கும் நண்பருடன் முரண்படுகிறேன். நாளொன்றுக்கு நான்கு மணி நேர வகுப்பு என்றால் அதை முழுதும் திரும்பக் கேட்க இன்னொரு நான்கு மணி நேரம் வேண்டும். வார்டில் நின்று களைத்துத் திரும்பியவள் எப்போது கேட்பாள்? கோப்புகள் சேர்கின்றன, சேர்ந்திருப்பதே படித்துவிட்டதைப் போன்ற நிம்மதியைத் தருகிறது. (ஆய்வாளர்களாகிய நாம் பதிவிறக்கி வைத்திருக்கும் கட்டுரைகளை இவ்விடத்தில் நினைத்துக்கொள்வது நல்லது.)

கேட்டாலும் போதாது. 2006இல் ரோடிகர், கார்ப்பிக் என்னும் உளவியலாளர் இருவர் வெளியிட்ட ஆய்வு புகழ்பெற்றது. ஒரு பத்தியை மீண்டும் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நன்றாகச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்தோ, மீண்டும் படித்தவர்கள் நினைவுகூர்ந்தது 42 விழுக்காடு. ஒருமுறை படித்துவிட்டு, பாராமல் எழுதிப் பார்த்தவர்கள் நினைவுகூர்ந்தது 56 விழுக்காடு. அவர்கள் படித்தவை உரைநடைப் பத்திகள், விரிவுரைகள் அல்ல என்பது உண்மையே. எனினும் வெறுமனே திரும்பக் கேட்பது திரும்பப் படிப்பதைவிட மேலானது என்று நம்ப எனக்குக் காரணம் தெரியவில்லை.

இதற்கான மருந்து செவிலியர் தொழிலிலேயே இருக்கிறது. மருத்துவர் தொலைபேசியில் மருந்தளவைச் சொன்னால், செவிலியர் அதை எழுதி, எழுதியதை அவரிடமே திருப்பிப் படித்துக்காட்டி ஒப்புதல் பெற வேண்டும். 'ஃபிஃப்டீன்', 'ஃபிஃப்டி' இரண்டும் காதில் ஒன்றுபோல விழும் என்பதால் 'ஒன்று, ஐந்து' என இலக்கம் இலக்கமாகச் சொல்வதும் உண்டு. காதை மட்டும் நம்பாத தொழில் அது. அந்தப் பழக்கத்தையே விடுதி அறைக்குக் கொண்டுவரலாம். புரியாத பத்து நிமிடத்தை மட்டும் கேட்டு, நிறுத்தி, ஏட்டை மூடிவைத்து வாய்விட்டுச் சொல்லி, பிறகு மறுபடி ஓடவிட்டுச் சரிபார்ப்பது. பதிவு அந்த இரண்டாம் கேட்டலில் மாணவிக்கு மருத்துவரின் இடத்தில் நின்று, "சரி" என்கிறது.

வருகை குறைந்துவிடும் என்ற அச்சத்தை நான் பொருட்படுத்தவில்லை. இந்திய நர்சிங் கவுன்சிலின் விதிகளின்படி தேர்வெழுத ஒவ்வொரு பாடத்திலும் 80 விழுக்காடு வருகை வேண்டும். மேலைநாட்டுப் பல்கலைக்கழகங்களின் கவலையை நாம் இரவல் வாங்க வேண்டியதில்லை.

நோயாளியைப் பற்றிய எதிர்ப்பு வேறு வகை. அதற்கு எளிய விடையில்லை. நல்ல செவிலிய ஆசிரியர் வார்டில் கண்டதைக் கொண்டே பாடத்தை விளக்குவார். பெயரைச் சொல்லாவிட்டாலும், மட்டாஞ்சேரி போன்ற நெருங்கிய ஊரில் தெருவும் நோயும் போதும், ஆளைக் கண்டுகொள்ள. அந்தப் பேச்சு ஒரு வாட்ஸ்அப் குழுவுக்குள் நுழைந்துவிட்டால் திரும்பப் பெற வழியில்லை. இதைவிட எனக்குக் கவலை தருவது வேறொன்று: பதிவு ஓடுகிறது என்றறிந்த ஆசிரியர் அக்கதைகளைச் சொல்லாமலே விட்டுவிடுவார். வகுப்பின் சாரமே அதனால் வற்றிவிடும்.

ஆகவே ஆளுக்கொரு கைபேசி வேண்டாம் என்பது என் துணிபு. ஒரே கருவி, ஆசிரியரின் மேசையில் இருக்கட்டும். நோயாளியைப் பற்றிப் பேசும்போது அவரே அதை நிறுத்தட்டும், முடிந்ததும் ஓடவிடட்டும். கோப்பு நூலகக் கணினியில் கேட்கக் கிடைத்து, பருவத்தேர்வு முடிந்ததும் அழிக்கப்படட்டும். எல்லா ஆண்டுகளுக்கும் இயலாதெனில் முதலாண்டின் முதல் பருவத்துக்கேனும் இதைச் செய்யலாம். ஆங்கிலத்துக்குக் காது பழகாத மாதங்கள் அவைதாம்.