சாத்துக்குடியும் ஆப்ப சோடாவும்

உடம்பு சரியில்லாதவரைப் பார்க்க வெறுங்கையோடு போகக் கூடாது என்று நம்மை வளர்த்திருக்கிறார்கள். அதற்காக, வாய்ப் புற்றுநோய்க்குக் கரண்ட் வைத்துக்கொண்டிருக்கிறவர் வீட்டுக்குச் சாத்துக்குடிப் பையோடா போவது? சித்தப்பாவுக்குச் சிகிச்சை நடந்தபோது வந்தவர்களில் பாதிப் பேர் அதைத்தான் நீட்டினார்கள். சித்தி சிரித்த முகத்தோடு வாங்கி, பிழிந்து, மாடிவீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுவார்.

நம் ஊரில் கரண்ட் என்று சொல்வது கதிர்வீச்சைத்தான். தலை, கழுத்துப் பகுதிக்கு அது பெரும்பாலும் வாரத்துக்கு 5 நாள், 6 அல்லது 7 வாரம் நடக்கும். முதல் வாரம் ஒன்றும் தெரியாது. இரண்டாவது, மூன்றாவது வாரத்தில்தான் வாயின் உட்தோல் சிவந்து, உரிந்து, புண்ணாகிறது. எச்சில் கெட்டியாகி, அப்புறம் வற்றிப்போகிறது. ருசியும் போய்விடும். சித்தி பார்த்துப் பார்த்துக் காய்ச்சிய கஞ்சியை ஒரு வாய் குடித்துவிட்டு, "சுண்ணாம்புத் தண்ணி" என்று தள்ளி வைத்தார் சித்தப்பா. ரசம் கேட்டார். புளியும் மிளகும் அந்தப் புண்ணில் பட்டால் என்ன ஆகும் என்பதை அன்று எல்லோரும் பார்த்தோம்.

இதற்கு ஆஸ்பத்திரியில் சொல்லித் தந்த முதல் வைத்தியம் அடுக்களையிலேயே இருந்தது. கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு லிட்டர், உப்பு ஒரு டீஸ்பூன், ஆப்ப சோடா ஒரு டீஸ்பூன். தினமும் புதிதாகக் கலக்கி, விழித்திருக்கும் நேரமெல்லாம் இரண்டு மணிக்கொரு தரம் கொப்பளிக்க வேண்டும். பைசா செலவில்லாத மருந்துக்கு நம் வீடுகளில் மரியாதை கிடையாது. "இதுல என்ன ஆகப்போகுது?" என்று ஒரு மாமா விளம்பரத்தில் வரும் மவுத்வாஷை வாங்கி வந்தார். ஆல்கஹால் கலந்த அந்தச் சரக்கு புண்ணை இன்னும் எரிய வைக்கும், வாயை இன்னும் காய வைக்கும். அதுவும் மாடிக்குப் போயிற்று.

வெள்ளைத் திட்டு தெரிந்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். சுரண்டாமல் டாக்டரிடம் காட்ட வேண்டும். சாப்பாட்டுக்கு முன்னால் வாயை மரத்துப்போகச் செய்யும் ஜெல் உண்டு, வலிக்கு மருந்தும் உண்டு. ஆனால் கேட்டால்தானே கொடுப்பார்கள்? வீட்டில் வலியில் முனகுகிற ஆம்பளைகள் டாக்டர் முன்னால் "பரவாயில்லைங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறார்கள். இந்த ஒரு சொல்லின் மேல் எனக்குத் தீராத கோபம்.

ஏனென்றால் வலித்தால் சாப்பிட முடியாது, சாப்பிடாவிட்டால் எடை குறையும். கதிர்வீச்சின்போது தலை அசையாமல் இருக்க, முகத்தின் அளவுக்கே ஒரு மாஸ்க் செய்கிறார்கள். கன்னம் ஒட்டிப்போனால் அது தொளதொளத்துப்போகும். மறுபடி அளவெடுக்க வேண்டி வரலாம். முடியவில்லை என்று நடுவில் சில நாள் நிறுத்தினாலோ, தப்பிய புற்றுச் செல்களுக்கு அது வளர்வதற்கான அவகாசம். ஆக, கொப்பளிப்பதும் சிகிச்சைதான். மூக்கு வழியாக ட்யூப் போடச் சொன்னால் அதோடு எல்லாம் முடிந்தது என்று அழ வேண்டியதில்லை; தொண்டை ஆறும்வரை சோறு அந்த வழியாகப் போகிறது, அவ்வளவுதான்.

தாடை இறுகாமலிருக்க ஐஸ்க்ரீம் குச்சிகளை அடுக்கி மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவில் வைத்துப் பயிற்சி செய்யச் சொன்னார்கள். சிகிச்சை முடிந்த பிறகும் சித்தப்பா அதை விடவில்லை. காலையில் பேப்பர் படித்துக்கொண்டே குச்சிகளைச் செருகிக்கொள்வார். அந்த நேரத்தில் பேச முடியாது என்பதால் சித்தி வீட்டுக் கணக்கையெல்லாம் அப்போதுதான் எடுப்பார்.

பல் விஷயம் மட்டும் ஆயுசுக்கும் தொடரும். ஆடும் பல், சொத்தைப் பல்லையெல்லாம் கதிர்வீச்சு தொடங்குமுன்பே பிடுங்கி, காயம் ஆற இரண்டு மூன்று வாரம் விடுகிறார்கள். கதிர் பட்ட தாடை எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைந்துவிடுவதால், பின்னால் பல் பிடுங்கினால் அந்தக் குழி ஆறாமல் எலும்பே செத்துப்போகலாம். பத்து வருஷம் கழித்து, தெருமுனைப் பல் டாக்டரிடம் போனாலும், நாற்காலியில் சாய்வதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும்: "எனக்கு இங்கே கரண்ட் வச்சிருக்காங்க."