தோற்றவனின் மேடை

2006இல் வெளியான 'ராக்கி பல்போவா'வைக் காண நாங்கள் மூவர் திரையரங்கிற்குச் சென்றது ஏறத்தாழ ஒரு வழியனுப்புதலுக்காகவே. 1976இல் தொடங்கிய வரிசையின் ஆறாம் படம்; அதுவே இறுதி என்று அப்போது நம்பினோம். எங்களுள் ஒருவர் அவ்வாரம்தான் விரிவுரையாளர் நேர்முகத் தேர்வொன்றில் தோற்றிருந்தார்.

மனைவி ஏட்ரியனை இழந்து ஃபிலடெல்ஃபியாவில் உணவகம் நடத்தும் முதிய குத்துச்சண்டை வீரன், நடப்புச் சாம்பியனை எதிர்த்துப் பத்துச் சுற்றும் நிற்கிறான். பிளவுபட்ட தீர்ப்பில் தோற்கிறான். ஆனால் தீர்ப்புக்குக் காத்திராமல் மேடையிலிருந்து இறங்கிவிடுகிறான். முதல் படத்திலும் அப்போலோ கிரீடிடம் இப்படித்தான் தோற்றான். இடைப்பட்ட படங்களின் வெற்றிகளே இவ்வரிசையை மெலியச் செய்தன என்பது எங்கள் துணிபு. தோல்வியில் பிறந்த கதை தோல்வியில் முடிவதே முறை.

வென்ற கரிகாலனின் முன்னிலையிலேயே, தோற்று வடக்கிருந்தவனை அவனினும் நல்லவன் என்ற வெண்ணிக்குயத்தியாரை வகுப்பில் நடத்துகிறோம். அதன் பொருள் எங்களுக்கு விளங்கியது அந்த இருட்டில்தான்.

2015இல் 'கிரீட்' ராக்கியை மீண்டும் அழைத்து வந்தது, நல்ல படமே. ஆயினும் எங்கள் ராக்கி, முடிவைக் கேளாமல் கையசைத்தபடி வெளியேறியவன்தான். அன்று நண்பரும் தேர்வைப் பற்றிப் பேசவில்லை. மறுவாரம் அடுத்த விண்ணப்பத்தை அனுப்பினார்.