எண்ணுகிறவனைப் பேசவிடாதீர்கள்!

தரமணி பாலிடெக்னிக் ஆகட்டும், வேறு எந்தக் கல்லூரி ஆகட்டும், ரோபோ செய்கிற மாணவர்களுக்கு ஒரு தலைவலி பொதுவானது. சக்கரம் பத்து சுற்று சுற்றுகிறது, திரையில் ஏழு சுற்றுக்கான எண்தான் வருகிறது. உடனே ரிச்சி தெருவுக்கு ஓடிப் புது என்கோடர் வாங்குகிறார்கள். பல நேரங்களில் குற்றவாளி என்கோடர் அல்ல. என்ன நடக்கிறது என்று பார்ப்பதற்காக எழுதிய பிரிண்ட் வரிதான்!

கணக்கைப் பாருங்கள். சக்கரம் ஒரு சுற்றுக்கு 360 துடிப்பு தருகிறது, நொடிக்கு 3 சுற்று ஓடுகிறது என்றால் நொடிக்கு 1080 துடிப்பு. அதாவது ஒரு மில்லிநொடிக்குள் ஒன்று. சீரியல் வேகம் 9600 என்றால், 20 எழுத்து அனுப்ப ஏறக்குறைய 21 மில்லிநொடி ஆகும். ஆர்டுயினோ ஊனோவில் 64 எழுத்து கொள்ளும் தற்காலிக இடம் உண்டு. மூன்று வரியில் அது நிரம்பிவிடும். இன்டரப்டுக்குள்ளேயே பிரிண்ட் எழுதியிருந்தால், அதன்பின் ஒவ்வொரு வரிக்கும் காத்திருக்க வேண்டியதுதான். அதற்குள் இருபதுக்கும் மேற்பட்ட துடிப்புகள் வந்து போய்விடும். சிப் நினைவில் வைப்பது 'ஒன்று வந்தது' என்பதை மட்டுமே.

தீர்வு எளிது. இன்டரப்ட் எண்ணட்டும், அவ்வளவுதான். அச்சிடும் வேலையை லூப்பில், நொடிக்குப் பத்து முறை செய்தால் போதும். எண்ணை எடுக்கும் கணத்தில் மட்டும் இன்டரப்டை நிறுத்தி நகல் எடுக்க வேண்டும். 8 பிட் சிப் ஒரு பெரிய எண்ணை இரண்டு பாதியாகத்தான் படிக்கும். நடுவில் 255 என்பது 256 ஆனால் 511 என்று காட்டக்கூடும்!

சந்தேகமா? சாக்பீஸால் சக்கரத்தில் ஒரு கோடு போட்டுக் கையால் மெதுவாகப் பத்து சுற்று சுற்றுங்கள். 3600 வந்தால் என்கோடர் நல்லது, கோளாறு வேகத்தில். வராவிட்டால் ஒயரைப் பாருங்கள்.

இதை ஏன் கல்லூரியில் சொல்லித் தருவதில்லை? ரோபோ ஓடினால் மதிப்பெண், ஓடாவிட்டால் இல்லை. அதனால்தான் ரெடிமேட் புராஜெக்ட் விலைக்கு வாங்குகிறார்கள். 'எது தவறியது, எப்படிக் கண்டுபிடித்தாய்?' என்று தேர்வாளர் கேட்டால், வாங்கியவர் விழிப்பார், செய்தவர் பேசுவார்.

தரமணிக்குப் பக்கத்திலேயே ஐ.ஐ.டி. மெட்ராஸ் வடிவமைத்த 'சக்தி' செயலி, 2018ல் சண்டிகரை அடுத்த மொகாலியில் சிப்பாகத் தயாரானது. சிப்பை ஒருமுறை தயாரித்துவிட்டால் அழித்து எழுத முடியாது. பிழையை முன்பே பிடிக்கத் தெரிந்தவர்களுக்குத்தான் அங்கே வேலை. அந்தப் பழக்கம் இரண்டு சக்கர ரோபோவிலேயே தொடங்கட்டுமே!