உத்திரமேரூர்க் குடத்தில் நம் ஓலை இல்லை

எந்த நாடு சனநாயக நாடு? யார் முதலிடம், யார் கடைசி? வருசா வருசம் பட்டியல் போடுகிறார்கள். லண்டன் எக்கனாமிஸ்ட் குழுமம் 2006 முதல் போட்டுவரும் பட்டியலில் இந்தியா 'குறையுள்ள சனநாயகம்'. அமெரிக்க ஃப்ரீடம் ஹவுஸ் 2021இல் நம்மை 'சுதந்திர நாடு' என்பதிலிருந்து 'பாதிச் சுதந்திரம்' என்று இறக்கியது. அதே ஆண்டு சுவீடனின் வி-டெம் 'தேர்தல்வழி எதேச்சதிகாரம்' என்றது. டெல்லிக்குக் கோபம் வந்துவிட்டது. எங்களுக்குப் பாடம் எடுக்க நீங்கள் யார், நாங்கள்தான் சனநாயகத்தின் தாய் என்கிறார்கள். அதற்குச் சாட்சியாக இழுத்து வருவது எதை? நம்ம காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூர்க் கல்வெட்டை! 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமரே அதைச் சொன்னார்.

வல்லக்கோட்டைக்காரர்களுக்கு உத்திரமேரூர் தூரமில்லை. கல்லில் என்னதான் எழுதியிருக்கிறது என்று பார்ப்போம்.

முதலாம் பராந்தகன் காலம், கி.பி. 920ஐ ஒட்டியது. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டுக் குலுக்கி, சிறுவன் கையால் எடுக்கிற முறை. கணக்குக் காட்டாதவன் நிற்கக் கூடாது என்றொரு விதி. நல்ல விதிதான், இன்றைக்கும் வைக்கலாம். ஆனால் ஓலையில் யார் பெயரை எழுதலாம்? கால்வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வயது 35க்கு மேல், 70க்குள். வேதம் தெரிந்திருக்க வேண்டும். ஊரே பிரமதேயம், சபையோ பார்ப்பனர் சபை. அந்த நிலத்தை உழுதவன் எங்கே? பெண் எங்கே? நூறாண்டுக்குள் வந்த இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டில் 'தீண்டாச்சேரி' என்ற சொல்லே இருக்கிறது. சேரிக்காரன் தொட முடியாத குடம் எந்தச் சனநாயகத்துக்குத் தாய்?

வெள்ளைக்காரன் யோக்கியமா என்றால், அவன் வீட்டுக் குடமும் ஓட்டைதான். சுவிட்சர்லாந்துப் பெண்களுக்கு நாட்டுத் தேர்தலில் வாக்கு கிடைத்தது 1971இல். அங்கே ஒரு மாநிலத்தில் உள்ளூர் வாக்கு 1990 வரை இல்லை. அமெரிக்கத் தென்மாநிலக் கறுப்பர்கள் 1965 சட்டம் வரை அடிபட்டார்கள், செத்தார்கள். 2013இல் உச்சநீதிமன்றம் அந்தச் சட்டத்தின் பல்லைப் பிடுங்கியது. இலங்கை 1931இலேயே எல்லோருக்கும் வாக்கு என்றது. 1948 குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழரை நாடற்றவராக்கி, அடுத்த ஆண்டே வாக்கையும் பறித்தது. தேயிலைக் கூடையோடு நின்ற அவர்களில் பெரும்பகுதி நம் சேரிகளிலிருந்து போன சனம்.

ஆகவே ஒரு நாட்டை அளக்க நம்மிடம் ஒரு கேள்வி இருக்கிறது: கடைசி ஆளுக்கு எப்போது வாக்கு வந்தது? இந்தக் கேள்வியில் இந்தியா பலரை முந்துகிறது. 1950இல் நிலம், படிப்பு, சாதி, பால் எதுவும் பார்க்காமல் ஒரே வீச்சில் வாக்கு. இது உத்திரமேரூர் கொடுத்த சீதனம் இல்லை. 1928இலேயே சைமன் கமிஷன் முன்னால் வயது வந்த எல்லோருக்கும் வாக்கு கேட்டவர் அம்பேத்கர். அரசியலில் சமம், வாழ்க்கையில் சமமின்மை என்ற முரண்பாட்டுக்குள் நுழைகிறோம் என்று 1949 நவம்பர் 25இல் எச்சரித்தவரும் அவர்தான்.

அந்த எச்சரிக்கை பலித்தது. வாக்கு வந்தது, நாற்காலி வரவில்லை. 1996இல் தலைவர் பதவி நமக்கென்று ஒதுக்கப்பட்டதும் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தலில் என்ன நடந்தது? 2006 வரை பத்து ஆண்டுகள் தேர்தலை முடக்கினார்கள். இல்லையென்றால் ஒரு பொம்மையை நிறுத்தி, சபதம் எடுத்த கையோடு ராஜினாமா வாங்கினார்கள். மேலவளவில் ஒருவர் உண்மையாகவே ஜெயித்தார். 1997 சூன் 30 அன்று பஸ்ஸை மறித்துத் தலைவர் முருகேசனையும் இன்னும் ஐந்து பேரையும் வெட்டிக் கொன்றார்கள். ஆயுள் தண்டனை பெற்றவர்களில் மூவரை 2008இல் ஓர் ஆட்சி விடுவித்தது, பதின்மூவரை 2019இல் இன்னோர் ஆட்சி விடுவித்தது. இதில் மட்டும் இரண்டு கழகங்களுக்கும் பேதமில்லை. 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் ஊராட்சித் தலைவி தரையில், மற்றவர்கள் நாற்காலியில். அந்தப் படத்தை நாடே பார்த்தது. எந்தப் பட்டியல்காரன் இதற்கு மார்க் குறைத்தான்?

நம்ம தொழிற்சாலைச் சாலைக்கு வாங்க. தென்கொரியாவை எக்கனாமிஸ்ட் பட்டியல் 2020 முதல் 2023 வரை 'முழுச் சனநாயகம்' என்றது. அந்த நாட்டு சாம்சங், சங்கமே கூடாது என்ற தன் பழைய கொள்கைக்காகச் சொந்த நாட்டில் 2020இல்தான் மன்னிப்புக் கேட்டது. இங்கே அதன் ஸ்ரீபெரும்புதூர் ஆலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் 2024 செப்டம்பர் 9 முதல் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கேட்டதில் முதன்மையானது, எங்கள் சங்கத்தை அங்கீகரி என்பது. சட்டம் தரும் சங்கப் பதிவு, வழக்குப் போன பிறகு, 2025 சனவரியில்தான் கைக்கு வந்தது. கொரியச் சனநாயகமும் இந்தியச் சனநாயகமும் கம்பெனி கேட்டுக்கு வெளியே செருப்பைப் போல் கழற்றி வைக்கப்பட்டிருந்தன.

நான் வங்கியில் குப்பை கொட்டுகிறவன். மொத்தத் தொகையை மட்டும் காட்டினால் நம்ப மாட்டேன்; யார் கணக்கில் வரவு, யார் கணக்கில் பற்று என்று பேரேட்டைத் திறக்கச் சொல்வேன். பட்டியல் போடுகிறவர்கள் மொத்தத்தைக் காட்டுகிறார்கள். டெல்லியோ பேரேட்டையே காட்ட மறுத்துப் பழைய கல்லைக் காட்டுகிறது.

தோழர்களே, நம் பட்டியலை நாமே போடுவோம். ஊராட்சித் தலைவர் எதில் உட்காருகிறார்? கொடியை யார் ஏற்றுகிறார்? சங்கம் வைத்தவனுக்கு மறுநாள் வேலை இருக்கிறதா? சேரிக்குச் சுடுகாட்டுப் பாதை இருக்கிறதா? சனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராம சபைகளில் இதையே கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால், மறுத்தவர் பெயரை நாம் எழுதி வைப்போம். இந்தியா எத்தனையாவது இடம் என்பதை அந்தக் கணக்கு சொல்லட்டும்.